பாசிக்குக் கட்டுற நிழல்வலை

ஒரு நீளமான இழை. குட்டைப் பாசியில ஆரம்பிச்சு கிட்னியில போய் நிக்கும். நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

போன சித்திரையில கண்டமங்கலம் பக்கத்துக் கிராமத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ஐம்பது வயசுக்குள்ளதான். கரும்புல தோகை உரிக்கிறது, மல்லாட்டை பிடுங்கறது, எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் போறவங்க. ரெண்டு நாளா தலைசுத்தல், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, மூத்திரம் கொஞ்சமா மஞ்சளா போகுது.

பையில இருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில வெச்சாங்க. உள்ள சிவப்பு சிவப்பா கேப்சூல். சிங்கப்பூர்ல வேலை பாக்கற மகன் அனுப்பினது.

"இத போட்டுக்கிட்டா வெயில் ஒண்ணும் செய்யாதாம். தம்பி சொன்னான். ஒரு மாசமா போடறேன் டாக்டர், அப்பவும் ஏன் இப்படி வருது?"

பாட்டில்ல இருந்தது அஸ்டாசாந்தின். ஹெமடோகாக்கஸ் என்கிற நுண்பாசியில இருந்து எடுக்கற சிவப்பு நிறமி.

மகன் சொன்னது முழுப் பொய் இல்ல. அந்த நிறமி வெயில்ல இருந்து காப்பாத்துறது நிஜம். காப்பாத்துறது யாரை, எப்படிங்கறதுலதான் விஷயமே இருக்கு. அதனால முதல்ல பாசியோட கதையைச் சொல்லிடறேன்.

சில குட்டைகளைக் கோடையில பாத்திருப்பீங்க. மதியம் மேல்தண்ணி செங்கல் பொடி தூவின மாதிரி சிவப்பா இருக்கும். சாயங்காலம் அதே குட்டை பச்சையா மாறியிருக்கும். சாமி குத்தம்னு பயப்படறவங்க இன்னும் இருக்காங்க. அது யூக்ளினா சாங்குவினியா என்கிற ஒரு செல் உயிர். அதோட உடம்புக்குள்ள சிவப்பு நிறமி மணிகள் இருக்கு. வெயில் ஏறினா அந்த மணிகள் செல்லோட ஓரத்துக்கு வந்து பரவி, பச்சையத்துக்குக் குடை பிடிக்கும். வெளிச்சம் குறைஞ்சா நடுவுக்குப் போய் ஒடுங்கிக்கும், பச்சையம் வெளியே தெரியும். சில நிமிஷத்துல நடக்கற வேலை இது. (அந்தத் தண்ணியில ஆடு மாடு விடாதீங்க, மீனும் பிடிக்காதீங்க. இந்த யூக்ளினாவுல சில வகை மீனைக் கொல்ற நச்சை உண்டாக்கும்.)

வெயிலைத் தின்னு வாழற உயிருக்கு வெயில்ல இருந்து ஏன் பாதுகாப்பு?

பச்சையம் ஒளியைப் பிடிக்கற வேகத்துக்கு, பின்னால இருக்கற சமையல்கட்டு வேலை செய்யாது. கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கற நொதிகள் மெதுவானவை. மதிய வெயில்ல வந்து விழற ஒளியில ஒரு பங்கைத்தான் அதுங்களால செலவழிக்க முடியும். மீதி சக்தி பச்சையத்துலயே தேங்கும். தேங்கினது பக்கத்துல இருக்கற ஆக்சிஜன் மேல பாயும். அப்ப உருவாகறதுதான் சிங்கிளெட் ஆக்சிஜன். பக்கத்துல இருக்கற புரதம், கொழுப்பு, நிறமி எல்லாத்தையும் கடிக்கற ஆக்சிஜன். முதல்ல அடி வாங்கறது ஒளியைக் கையாளற இயந்திரத்தோட மையத்துல இருக்கற டி1 என்கிற புரதம்.

டாக்டர்களுக்கு இது புதுசு இல்ல. நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமும் பச்சையமும் ஒரே குடும்பம். ஹீம் தயாரிப்புல ஒரு படி பழுதாகி போர்ஃபைரின் தேங்கற நோயாளிகள் இருக்காங்க. பத்து நிமிஷ வெயில்லயே கை எரியுதுன்னு அழற குழந்தைகளும் அதுல உண்டு. பாசிக்குள்ள தினமும் மதியம் வர்ற அதே ஆபத்துதான் அவங்க தோல்ல நடக்குது.

இப்ப பாசி என்னென்ன செய்யுதுன்னு பாருங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது, கொஞ்சம் நீட்டிப் பேசுவேன்.

முதல்ல இடத்தை விட்டு நகரும். கிளமிடோமோனாஸ் என்கிற பாசிக்கு ரெண்டு வால், ஒரு ஆரஞ்சு நிறக் கண்புள்ளி. ஒளி எந்தப் பக்கம், எவ்வளவு பலம்னு பாத்து, அதிகமா இருந்தா எதிர்த்திசையில நீந்திப் போயிடும். அந்தக் கண்புள்ளியில ஒளியை உணர்ற புரதத்துக்குப் பேர் சேனல்ரோடாப்சின். ஒளி பட்டா திறக்கற ஒரு கதவு அது. 2002, 2003-ல ஜெர்மனியில நாகல், ஹெகமான் குழுவினர் அது எப்படி வேலை செய்யுதுன்னு காட்டினாங்க. அதே குடும்பத்துப் புரதம் ஒண்ணோட மரபணுவை, விழித்திரை நோயால பல வருஷமா பார்வை போயிருந்த 58 வயசு ஆளோட கண்ணுல செலுத்தி, தனிக் கண்ணாடி போட்டா மேஜை மேல இருக்கற பொருளைக் கண்டுபிடிச்சுத் தொடற அளவுக்கு ஓரளவு பார்வை கொண்டுவந்தாங்க. 2021-ல வெளிவந்த ஆய்வு. வெளிச்சத்துல இருந்து தப்பிக்கப் பாசி வெச்சிருந்த கருவி, வெளிச்சமே இல்லாத கண்ணுக்கு உதவியா வந்திருக்கு. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல.

நகர முடியலன்னா சக்தியைக் கொட்டிடும். ஒளிச்சேர்க்கை நடக்கற தட்டுகளோட உள்ளறையில அமிலத்தன்மை ஏறினா, ‘தாங்கல’ன்னு அர்த்தம். அதுதான் சிக்னல். உடனே ஒளியைப் பிடிக்கற புரதங்கள் தன் வடிவத்தை மாத்திக்கும். வயலாசாந்தின் என்கிற மஞ்சள் நிறமி சியாசாந்தினா மாறும். பிடிச்ச சக்தி சமையல்கட்டுக்குப் போகாம வெறும் வெப்பமா வெளியே போயிடும். கடும் வெயில்ல பிடிச்சதுல பாதிக்கு மேலயே இப்படி வெப்பமா வீணாகலாம். கிளமிடோமோனாஸ்ல இந்த நிறமி மாற்றம் பழுதான வகைகளை வெச்சு நியோகியும் மத்தவங்களும் 1997-லயே இதை ஆராய்ஞ்சிருக்காங்க.

சுருள்பாசிக்கு, அதாவது ஸ்பைருலினாவுக்கு, வேற வழி. அதுக்குள்ள ஆரஞ்சு கரோட்டினாய்டு புரதம்னு ஒண்ணு இருக்கு. பலமான ஒளி பட்டதும் ஆரஞ்சு நிறத்துல இருந்து சிவப்பா மாறி, ஒளி பிடிக்கற ஆன்டெனாவுல போய் ஒட்டிக்கிட்டு சக்தியை வெப்பமா வடிச்சுவிடும். இந்தப் புரதத்தோட அமைப்பை முதன்முதலா 2003-ல வெளியிட்டது ஒரு சுருள்பாசி வகையில இருந்து எடுத்துத்தான்.

இத்தனையும் மீறி அடிபட்டா? ரிப்பேர். அடிபட்ட டி1 புரதத்தைக் கழட்டிப் போட்டுட்டு புதுசு செஞ்சு மாட்டும். நல்ல வெயில்ல அரைமணிக்கு ஒரு தடவை கூட இது நடக்கும். அடிபடறதை முழுசா தடுக்க முடியாதுன்னு ஒத்துக்கிட்டு, அடிபடற வேகத்தை விட ரிப்பேர் வேகத்தைக் கூட வெச்சுக்கற ஏற்பாடு. ரிப்பேரை நிறுத்திட்டா, வெயில் அதே வெயில்தான், பாசி செத்துடும்.

சிவப்பு கேப்சூலுக்கு வர்றேன்.

ஹெமடோகாக்கஸ் சாதாரணமா பச்சையாதான் இருக்கும். நீந்தும், வளரும், பெருகும். வெயில் அதிகமாகி, தண்ணியில சத்தும் குறைஞ்சா வாலை உதறிடும், கெட்டியான ஓடு கட்டிக்கும், உள்ளே அஸ்டாசாந்தினை நிரப்பிச் சிவந்துடும். அப்புறம் வளர்ச்சி இல்ல, பெருக்கம் இல்ல. நல்ல காலம் வர்ற வரைக்கும் அப்படியே கிடக்கும். கம்பெனிகள் இந்தப் பாசியை வளக்கும்போது முதல்ல பச்சையா வளத்து, அப்புறம் வேணும்னே வெயில்லயும் பட்டினியிலயும் போடறாங்க. அப்பதான் சிவக்கும்.

இன்னும் நேரா சொல்றேன். அந்த பாட்டில்ல இருக்கறது, வெயில் தாங்காம வேலையை நிறுத்திட்ட பாசியோட நிறமி. அதை அந்த அம்மா முழுங்கினது வெயில்ல வேலையை நிறுத்தாம இருக்கறதுக்காக.

மரக்காணம் உப்பளத்துலயும் இதே மாதிரி ஒரு காட்சி உண்டு. உப்பு விளையற கடைசிப் பாத்திகள்ல தண்ணி இளஞ்சிவப்பா இருக்கறதை ஈ.சி.ஆர் ரோட்டுல போறவங்க பாத்திருக்கலாம். உப்பளங்கள்ல வர்ற அந்த நிறத்துக்குக் காரணம் உப்பை விரும்பும் சில நுண்ணுயிரிகளும், டுனாலியெல்லா என்கிற பாசியும். டுனாலியெல்லா தன் உலர் எடையில பத்துல ஒரு பங்கு வரைக்கும் பீட்டா கரோட்டினைச் சேர்த்து வெச்சுக்கக்கூடியது. அதுவும் ஒரு திரைதான். நீல ஒளியைத் தான் வாங்கிக்கிட்டு பச்சையத்துக்குப் போகவிடாம மறிக்கும். அந்த பீட்டா கரோட்டினும் கேப்சூலா வருது.

‘பாசியைக் காப்பாத்தினா நம்மளையும் காப்பாத்தும்’ங்கற கணக்கு ஏற்கெனவே பெரிய அளவுல போட்டுப் பாத்த கணக்குதான். ஃபின்லாந்துல புகைபிடிக்கற 29,133 ஆண்களை வெச்சு ஒரு ஆய்வு. பீட்டா கரோட்டின் கொடுத்தா நுரையீரல் புற்றுநோய் குறையும்னு எதிர்பார்த்தாங்க. 1994-ல முடிவு வந்தப்போ, அந்த மாத்திரை சாப்பிட்டவங்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவுல புகைபிடிக்கறவங்க, ஆஸ்பெஸ்டாஸ் வேலை பாத்தவங்கன்னு 18,314 பேரை வெச்சு நடந்த இன்னொரு ஆய்வுல, பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-வும் சேர்த்துக் கொடுத்தாங்க. 28 சதவீதம் அதிகம். 1996-ல ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க.

பீடி, சிகரெட் பழக்கம் உள்ள யாராவது இதைப் படிச்சா, தயவுசெஞ்சு பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடாதீங்க. முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட் சாப்பிடறதுல ஒரு பயமும் இல்ல. நான் சொல்றது மாத்திரையை மட்டும்தான்.

நியாயமா மறுபக்கத்தையும் சொல்லணும். சியாசாந்தினும் லூட்டினும் நம்ம கண்ணோட விழித்திரை நடுவுல மஞ்சளா உக்காந்திருக்கு. நம்மால அதைத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டுல இருந்துதான் வரணும். வயசானவங்களுக்கு வர்ற மாக்குலா சிதைவு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தா, இந்த ரெண்டும் சேர்ந்த மாத்திரைக்கு இடம் உண்டு. 2013-ல வந்த ஆரெட்ஸ் 2 ஆய்வுக்கு அப்புறம் பழைய கலவையில இருந்த பீட்டா கரோட்டினுக்குப் பதிலா இதைத்தான் பயன்படுத்தறாங்க. கண் டாக்டர் பாத்து எழுதிக் கொடுக்கணும், அவ்வளவுதான். மேல சொன்ன போர்ஃபைரின் நோய்க்கு பீட்டா கரோட்டின் 1970-கள்ல இருந்தே கொடுத்திருக்காங்க, ஆனா ஆதாரம் பலமா இல்ல. அஸ்டாசாந்தினுக்கும் தோல் சிவக்கறது கொஞ்சம் குறையுதுன்னு சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு. ‘இந்த மாத்திரை வெயில்ல இருந்து காக்கும்’னு விளம்பரம் பண்ணின சில கம்பெனிகளை அமெரிக்க எஃப்.டி.ஏ 2018-ல எச்சரிச்சதும் நினைவுல இருக்கட்டும்.

இன்னொண்ணு, கேள்வி வரும்னு தெரியும். சுருள்பாசியில பி12 இருக்கான்னு சைவக்காரங்க கேப்பாங்க. அதுல இருக்கறது பெரும்பாலும் நம்ம உடம்பு பயன்படுத்த முடியாத போலி பி12. புரதத்துக்காகச் சாப்பிட்டா சாப்பிடுங்க, பி12-க்கு அதை நம்பி இருக்காதீங்க.

மகனோட கணக்குல பெரிய ஓட்டை வேற இடத்துல இருக்கு.

பாசிக்கு ஒளிதான் எதிரி. வெப்பம் அதுக்குக் குப்பை மாதிரி. சுத்தியும் தண்ணி, கொட்டினா கலந்து போயிடும். நமக்கு அப்படி இல்ல. கழனியில குனிஞ்சு வேலை செய்யறவங்க உடம்புக்குள்ளயே தசை வெப்பத்தை உண்டாக்குது, மேல இருந்து வெயில், கீழே இருந்து சூடான மண். அதை வெளியே தள்ள நமக்கு இருக்கற ஒரே பெரிய வழி வேர்வை. வேர்வை காஞ்சாதான் உடம்பு குளிரும். கண்டமங்கலத்துல இருந்து கடல் ஒண்ணும் ரொம்ப தூரம் இல்ல, காத்துல ஈரம். வேர்வை காயாது, வழியும். தண்ணியும் உப்பும் போயிடும், உடம்பு குளிராது. புற ஊதாக் கதிரைத் தடுக்கற மாத்திரையை நூறு சதவீதம் வேலை செய்ற மாதிரியே கண்டுபிடிச்சாலும், இந்த இடத்துல அது ஒண்ணும் பண்ணாது.

அந்த அம்மாகிட்ட கேட்டேன், வேலை நேரத்துல எவ்வளவு தண்ணி குடிப்பீங்கன்னு. சிரிச்சாங்க. "குடிச்சா ஒதுங்க எங்க போறது டாக்டர்? சுத்தி ஆம்பளைங்க."

காலையில ஏழு மணிக்குப் போனா மதியம் ரெண்டு மணி வரைக்கும் ஒரு சொம்பு. கால் வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வலி மாத்திரை, தினம் ரெண்டு. தண்ணி வத்தின உடம்பு, அதுக்கு மேல வலி மாத்திரை: கிட்னிக்கு இதை விட மோசமான ஜோடியைத் தேடினாலும் கிடைக்காது. கிரியேட்டினின் ஏறியிருந்துச்சு. வலி மாத்திரையை நிறுத்தி, ட்ரிப்ஸ் போட்டு, ஒரு வாரம் ஓய்வு எடுத்ததும் இறங்கிடுச்சு. இந்தத் தடவை இறங்கிடுச்சு. வருஷா வருஷம் கோடைக்குக் கோடை இப்படி ஏறி இறங்கினா, ஒரு நாள் இறங்காம நின்னுடும். சர்க்கரையும் இல்ல, பிரஷரும் இல்ல, கிட்னி ஏன் போச்சுன்னு அப்ப கேப்பாங்க.

இது என் ஒருத்தர் அனுபவம் மட்டும் இல்ல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்துல வித்யா வேணுகோபால் குழுவினர், தமிழ்நாட்டுல 7 உப்பளங்கள்ல 352 தொழிலாளர்களைப் பரிசோதிச்சு 2023-ல வெளியிட்டிருக்காங்க. பெரும்பாலானவங்க பாதுகாப்பான அளவைத் தாண்டின வெப்பத்துல கடுமையான வேலை பாக்கறவங்க. ஒரு பகுதியினருக்குக் கிட்னியோட வேலைத்திறன் குறைஞ்சிருந்துச்சு. கழிப்பறை இல்லாததும் தண்ணி குடிக்காததும் இந்த ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வர்ற விஷயம்.

2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது. வெப்ப அலையால இறந்தா குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவு, வரவேற்கறேன். ஆனா அது செத்ததுக்கு அப்புறம் வர்ற காசு. அதுவும் வெப்பத்தாலதான் செத்தாங்கன்னு டாக்டர் எழுதணும். கழனியில மயங்கி விழுந்தவங்களை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, ‘நெஞ்சடைப்பு’ன்னு எரிச்சுடற ஊர்ல எத்தனை பேருக்கு அந்தச் சான்று கிடைக்கும்? வருஷக் கணக்குல மெதுவா போற கிட்னிக்கு அந்த 4 லட்சம் கிடையவே கிடையாது.

ஒரு விஷயம் என்னை உறுத்திக்கிட்டே இருக்கு. நம்ம மாவட்டத்துல ஆரோவில் பக்கம் சுருள்பாசி வளக்கறாங்க, தமிழ்நாட்டுல இன்னும் பல இடத்துல தொட்டி கட்டி வளக்கறாங்க. சுருள்பாசி வளக்கத் தெரிஞ்ச யாரைக் கேட்டாலும் ஒண்ணு சொல்லுவாங்க: புதுசா பாசி விட்ட தொட்டி நீர்த்து இருக்கும்போது நேர் வெயில் பட்டா வெளுத்துச் செத்துடும், அதனால மேல நிழல்வலை கட்டணும். ஆரஞ்சு புரதம், ரிப்பேர் வேலை, அத்தனை ஏற்பாடும் உள்ளேயே இருக்கற பாசிக்குக் கூட, வெளியில இருந்து நிழல் வேண்டியிருக்கு. செத்தா நஷ்டம்னு தெரியும், அதனால யாரும் யோசிக்காம கட்டிடறாங்க.

பக்கத்துக் கழனியில இருபது பொம்பளைங்க குனிஞ்சு நிக்கற இடத்துல அந்த வலை இல்ல.

பெருசா ஒண்ணும் கேக்கல. நாலு சவுக்குக் கழி, மேல ஒரு நிழல்வலை, கீழே ஒரு பாய், ஒரு குடம் தண்ணி. அதை எங்க வேலை நடக்குதோ அங்க நகர்த்திக் கட்டலாம். மறைப்புக்கு நாலு தட்டி வெச்சா, பொம்பளைங்க தண்ணி குடிப்பாங்க. பங்குனி கடைசியில இருந்து ஆனி வரைக்கும் காலையில ஆறுக்கு ஆரம்பிச்சு பதினோரு மணிக்கு நிறுத்தி, மீதியை சாயங்காலம் வெச்சுக்கணும், கூலியைக் குறைக்காம. கூலியைக் குறைச்சா யாரும் நிறுத்த மாட்டாங்க, நானா இருந்தாலும் மாட்டேன். அரசோட கிராமப்புற வேலை உறுதித் திட்டம் நடக்கற இடத்துல நிழலும் தண்ணியும் தரணும்னு விதியிலேயே இருக்கு. ஊராட்சியில போய்க் கேளுங்க. நிலம் வெச்சிருக்கறவங்க இதைப் படிச்சா, ஒரு ஏக்கர் மல்லாட்டைக்கு மருந்தடிக்கற செலவோட இந்தப் பந்தல் செலவை ஒப்பிட்டுப் பாருங்க.

‘மதியம் நிறுத்தினா வேலை ஓடாது’ன்னு ஒருத்தர் போன இழையில எழுதியிருந்தார். பாசியும் மதியத்துல பிடிச்ச வெளிச்சத்துல பாதியை வீணாத்தான் விடுது. மேகம் வந்து வெயில் இறங்கினா கூட உடனே பழைய நிலைக்கு வராது, சில நிமிஷம் வீணாக்கிக்கிட்டே இருக்கும். பயிருக்கும் இதே கதைதான். அந்த வீணைக் குறைக்கலாமான்னு அமெரிக்காவுல புகையிலைச் செடியில மரபணுவை மாத்தி, 2016-ல 15 சதவீதம் அதிக வளர்ச்சி எடுத்தாங்க. அவங்க கூட அந்தப் பாதுகாப்பை எடுத்துடல. வெயில் இறங்கினதும் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்ப வெச்சாங்க, அவ்வளவுதான்.

வெயில்ல வேலை பாக்கறவங்களுக்கு டாக்டரா சில வார்த்தை. தாகம் எடுக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க. வெறும் தண்ணியோட நீராகாரம், உப்பு போட்ட மோர் சேர்த்துக்கோங்க. கிட்னி, இதயக் கோளாறு ஏற்கெனவே இருந்தா அளவை உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. வெயில் வேலை நாள்ல வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். யாராவது உளறினா, நடை தள்ளாடினா, உடம்பு கொதிச்சா நிழலுக்குத் தூக்கிட்டுப் போயி, துணியைத் தளர்த்தி, தண்ணியை ஊத்தி விசிறிக்கிட்டே 108-ஐ கூப்பிடுங்க. நினைவு தப்பினவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க.

அந்த அம்மா ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி வந்தாங்க. கிரியேட்டினின் சரியா இருந்துச்சு. கரும்புக்காரர் ஒரு தார்ப்பாய் கட்டிக் கொடுத்திருக்காராம், மறைப்பு மட்டும் இன்னும் வரல. பாட்டில் என்னாச்சுன்னு கேட்டேன்.

"பாதி இருக்குது. தம்பிகிட்ட சொல்லிடாதீங்க, சாப்பிடறேன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கான்."